சின்ன கான்ட்ராக்டருக்கு பேக்ஹோ லோடர் இன்னும் கட்டுப்படியாகுமா?

குழாய் பதிப்பது, அஸ்திவாரப் பள்ளம், செப்டிக் டேங்குக் குழி, வேலை முடிந்த இடத்தில் மண் நிரவுவது என்று சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்கிறீர்கள். இதுவரை வாடகை வண்டியை வைத்தே ஓட்டிவிட்டீர்கள். இப்போது கையில் கொஞ்சம் முதல் சேர்ந்திருக்கிறது. பேக்ஹோ லோடர், அதாவது ஊரெல்லாம் ஜேசிபி என்று சொல்கிற வண்டி, சொந்தமாக ஒன்று வாங்கலாமா, இல்லை "அதெல்லாம் பழைய காலத்து வண்டி, மினி எக்ஸ்கவேட்டர் (சின்னத் தோண்டும் வண்டி) வாங்கு" என்கிறவர்கள் பேச்சைக் கேட்கலாமா என்பது உங்கள் கேள்வி. பழைய வண்டி என்றால் எதைப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருப்பது வண்டியைப் பற்றி என்றாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது இதில் போடும் பணம் திரும்புமா, எப்படிப்பட்ட வேலை கையில் இருந்தால் திரும்பும் என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி வாரத்தில் பல இடங்களுக்கு மாறும், ஒவ்வொரு இடத்திலும் அரை நாளோ ஒரு நாளோதான் வேலை, அந்த வேலையிலும் தோண்டுவது, அள்ளுவது, லாரியில் ஏற்றுவது, மூடுவது எல்லாம் கலந்து வரும், ஓட்ட ஒரே ஆள்தான் என்றால், பேக்ஹோ லோடருக்கு ஈடான மாற்று இன்றைக்கும் கிடையாது. அதே வண்டி ஒரே சைட்டில் வாரக்கணக்கில் நின்று பள்ளம் மட்டும் எடுக்கப்போகிறது என்றால் வாங்காதீர்கள். பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பல வருடங்களாக இந்த வண்டிகளை ஓட்டியும், பிரித்து மாட்டியும், சின்ன கான்ட்ராக்டர்கள் வண்டி வாங்கும்போது கூடப் போய்ப் பார்த்துச் சொல்லியும் வருகிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், அனுமானமாக மட்டும் சொல்ல முடிந்ததையும் பிரித்தே சொல்கிறேன்.

முன்னால் அள்ளும் வாளி, பின்னால் தோண்டும் கை என்ற அமைப்பு 1950-களில் வந்தது. இங்கிலாந்தில் ஜேசிபி நிறுவனம் 1953-இல் டிராக்டரை அடிப்படையாக வைத்து இதைச் செய்தது. அமெரிக்காவில் கேஸ் நிறுவனம் 1957-இல் தொழிற்சாலையிலேயே ஒரே வண்டியாக இணைத்து விற்க ஆரம்பித்தது. அதன்பிறகு பல பத்தாண்டுகள் சின்ன வேலை என்றால் இந்த வண்டிதான். போட்டியும் அப்போதே பிறந்துவிட்டது. பாப்கேட்டின் நான்கு சக்கர ஸ்கிட் ஸ்டீயர் (நின்ற இடத்திலேயே திரும்பும், முன்னால் வாளி உள்ள சின்ன வண்டி) 1960-இல் வந்தது, ஜப்பானிய மினி எக்ஸ்கவேட்டர்கள் 1970-ஐ ஒட்டி வந்தன. அவை எங்கும் எளிதாக வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியதும், பேக்ஹோவின் முன்பக்க வேலையை ஒன்றும் பின்பக்க வேலையை மற்றொன்றும் எடுத்துக்கொண்டன. "காலம் முடிந்துவிட்டது" என்பவர்கள் இதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். தோண்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்கள் சொல்வது சரி. அதே எடையுள்ள எக்ஸ்கவேட்டர் பேக்ஹோவைவிட நன்றாகவே தோண்டும். அள்ளுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் நல்ல வீல் லோடர் முந்திவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே நான் பேக்ஹோவுக்காகப் பேசுகிறேன்.

காரணம் இதுதான். வழக்கமான அளவு பேக்ஹோ லோடர் 7.5 முதல் 9 டன் எடை இருக்கும். 70 முதல் 110 குதிரைசக்தி என்ஜின். பின்கை 4.2 முதல் 4.8 மீட்டர் ஆழம்வரை தோண்டும், நீளும் கை இருந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். முன் வாளி ஏறக்குறைய 1 கன மீட்டர் கொள்ளும். சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர்வரை ஓடும். இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். டிராக் (சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் பட்டை) வைத்த எக்ஸ்கவேட்டர் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர்தான் நகரும், அதையும் தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது. காலையில் ஒரு இடத்தில் தண்ணீர்க் குழாய்க்கு முப்பது மீட்டர் டிரெஞ்ச் எடுத்துவிட்டு, குழாய் பதிப்பவர்கள் வேலை செய்யும் நேரத்தில் 8 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சைட்டில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியை நிரவிவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து காலையில் எடுத்த டிரெஞ்சை மூடிவிட்டுப் போகிற நாளை நினைத்துப் பாருங்கள். பேக்ஹோவுக்கு நடுவில் இரண்டு முறை கால் மணி நேரம் போனால் சரி. எக்ஸ்கவேட்டர் என்றால் டிரெய்லர் வர வேண்டும், ஏற்ற வேண்டும், சங்கிலி போட்டு இறுக்க வேண்டும், அங்கே இறக்க வேண்டும், மறுபடி இதே கதை. அதற்கு ஒரு லாரி, ஒரு டிரைவர். நிரவுவதற்கு இன்னொரு வண்டி. மணிக்கு எத்தனை கன மீட்டர் தோண்டும் என்று ஒப்பிடுகிற அட்டவணைகளில் இந்த நேரமெல்லாம் வரவே வராது.

இனி அது தோற்கும் இடம். டிரெஞ்ச் எடுக்கும்போது பாதுகாப்பான தூரத்தில் நின்று ஆபரேட்டரைக் கவனியுங்கள். முன் வாளியைத் தரையில் அழுத்துகிறார், பின் ஊன்றுகால்கள் இரண்டையும் இறக்குகிறார், சக்கரங்களின் மேல் இருந்த பாரம் கால்களுக்கும் வாளிக்கும் மாறுகிறது. கை எட்டும்வரை தோண்டுகிறார். அப்புறம் கால்களையும் முன் வாளியையும் தூக்க வேண்டும். பழகிய ஆள் சீட்டைத் திருப்பவே மாட்டார், பின் வாளியை மண்ணில் ஊன்றி வண்டியை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிக்கொண்டு மறுபடி கால் ஊன்றிவிடுவார். பழகாத ஆள் சீட்டைத் திருப்பி, கியர் போட்டு, நகர்த்தி, பிரேக் பிடித்து, மறுபடி பின்பக்கம் திரும்புவார். முதல் ஆளுக்கு அரை நிமிடத்தில் முடிவது இரண்டாவது ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். நூறு மீட்டர் டிரெஞ்சில் இது எத்தனை முறை வரும் என்று பாருங்கள். எக்ஸ்கவேட்டரில் டிராக் லீவரைத் தள்ளினால் போதும். தவிர, பேக்ஹோவின் கை பின்பக்கம் ஏறக்குறைய அரை வட்டம்தான் சுற்றும். எடுத்த மண்ணை டிரெஞ்சுக்குப் பக்கத்தில்தான் கொட்ட முடியும், லாரியில் நேராகப் போட வேண்டும் என்றால் லாரி நிற்க இடம் அமைய வேண்டும். எக்ஸ்கவேட்டர் முழு வட்டம் சுற்றும், லாரி எங்கே நின்றாலும் போடும்.

சேறும் களிமண்ணுமான இடத்திலும் டயர் வண்டிக்குக் கஷ்டம்தான், நான்கு சக்கர இழுவை இருந்தாலும் ஒரு அளவுக்குத்தான். சந்துக்குள், வீட்டின் பின்புறம், சுற்றுச்சுவருக்குள் போகிற வேலைகளுக்கு இரண்டரை மீட்டருக்குப் பக்கத்தில் அகலமுள்ள வண்டி நுழையவே நுழையாது. உங்கள் வேலையில் பாதி இப்படிப்பட்டது என்றால் மேலே படிக்க வேண்டியதில்லை. மினி எக்ஸ்கவேட்டர்தான் உங்களுக்கு.

பலரும் சொல்லும் மாற்று, ஒரு மினி எக்ஸ்கவேட்டரும் ஒரு ஸ்கிட் ஸ்டீயரும் சேர்த்து வாங்குவது. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் பேக்ஹோ கிட்டக்கூட வர முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட இரண்டு ஆபரேட்டர் வேண்டும், இரண்டு பேருக்கும் தினமும் வேலை வேண்டும். ஒரே ஆள் மாறி மாறி ஓட்டினால் ஏதாவது ஒன்று எப்போதும் சும்மா நிற்கும், அதற்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றிச் செல்வதையும் யோசியுங்கள். பல நாடுகளில் சாதாரண பிக்கப் வண்டி இழுக்கக்கூடிய டிரெய்லர் எடை 3.5 டன்தான். டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் 2.7 டன் வண்டியைத்தான் ஏற்றலாம், அது தோண்டும் ஆழம் ஏறக்குறைய 2.5 மீட்டர். பேக்ஹோ எடுக்கிற 4 மீட்டர் ஆழம் வேண்டும் என்றால் எக்ஸ்கவேட்டர் 7, 8 டன்னுக்குப் போக வேண்டும், அதற்குத் தனி லாரி. மினி எக்ஸ்கவேட்டரின் விலையையும் பேக்ஹோவின் விலையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஸ்கிட் ஸ்டீயர், டிரெய்லர், இழுக்கிற வண்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

சரி, வாங்குவதா வாடகையா என்ற கணக்குக்கு வருவோம். இதைப் போடாமல் யாரும் வண்டி வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. புது வண்டியின் விலையை 100 என்று வையுங்கள். ஐந்து வருடம் ஓட்டி 50-க்கு விற்கிறீர்கள் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 10. அந்த ஐந்து வருடமும் வண்டியில் சராசரியாக முடங்கிக் கிடக்கும் பணம் 75. வட்டி 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7.5. கடன் வாங்காமல் சொந்தப் பணம் போட்டாலும் இந்த வட்டியைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும், அந்தப் பணம் வேறெங்கோ ஈட்டியிருக்கும். காப்பீடு, வரி, நிறுத்துமிடம் சேர்த்து 2.5. சர்வீஸ், டயர், ஹோஸ், பின் (இணைப்பு ஆணி), புஷ் (அந்த ஆணி சுழலும் உறை) எல்லாம் 4. ஆக வருடத்துக்கு 24. இப்போது டீசலும் ஆபரேட்டரும் சேராத வெறும் வண்டி வாடகையைப் பாருங்கள். அது மாதத்துக்கு 4 என்றால், 24-ஐ நான்கால் வகுத்தால் ஆறு மாதம். வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் முழு வேலை இருந்தால் சொந்த வண்டி லாபம், குறைந்தால் வாடகை லாபம். இவை உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான். உங்கள் வங்கியின் வட்டியையும், நீங்கள் வாடகைக்கு எடுக்கிறவர் கேட்கிற தொகையையும் போட்டால் உங்கள் எண் வேறாக வரும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

இதே கணக்கை ஒரு பழைய வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். 50-க்கு வாங்கி ஐந்து வருடம் கழித்து 30-க்கு விற்றால் தேய்மானம் வருடத்துக்கு 4 தான். முடங்கும் பணம் சராசரி 40, வட்டி 4. காப்பீடு வகையறா 2. பராமரிப்பு கூடும், 7 என்று வையுங்கள். மொத்தம் 17. அதே வாடகையில் நான்கேகால் மாத வேலை இருந்தாலே கட்டுப்படியாகிவிடுகிறது. வேலை ஏறி இறங்கி வருகிற சின்ன கான்ட்ராக்டருக்குப் பழைய வண்டியைச் சிபாரிசு செய்வது இதனால்தான். வேலையில்லாத மாதங்களில் அது உங்கள் கழுத்தை நெரிக்காது. ஆனால் பழுதாகி நிற்கும் நாட்கள் கூடும். அந்த நாட்களில் வாடகை வண்டி எடுக்க நேர்ந்தால் அதையும் இந்தப் பக்கம் எழுத வேண்டும். நீங்களோ உங்களிடம் இருக்கும் ஒருவரோ ஹோஸ் மாற்றவும், கசிகிற சிலிண்டருக்கு சீல் கிட் போடவும் தெரிந்தவராக இருந்தால்தான் பழைய வண்டி. இல்லையென்றால் அந்த 7 எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆபரேட்டர் சம்பளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியை ஆளோடு வாடகைக்கு எடுக்கும்போது ஓடுகிற நேரத்துக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். சொந்த வண்டி என்றால் மழை நாளிலும் சம்பளம் உண்டு, உண்டாக்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் நல்ல ஆள் போய்விடுவார். நல்ல ஆள் போனால் இந்த வண்டியில் கிடைக்கிற வேகமும் போய்விடும். மேலே சொன்ன அரை நிமிடம், இரண்டு நிமிடம் வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி விலையில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட, நல்ல ஆபரேட்டரைத் தக்கவைப்பதில்தான் அதிகம் மிச்சமாகும் என்று நான் நம்புகிறேன்.

பராமரிப்பில் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. இந்த வண்டியைக் கொல்வது பெரும்பாலும் கிரீஸ் அடிக்காததுதான். முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு டசனுக்கும் மேல் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். தினமும் காலையில் எல்லாவற்றுக்கும் அடிக்கக் கால் மணி நேரம் போதும். அதைச் சோம்பினால் பின்னும் புஷ்ஷும் தேயும், தேய்ந்தபின் துளையே நீள்வட்டமாகும், அப்புறம் வெல்டிங் போட்டு நிரப்பித் துளையைத் திரும்பக் கடைய வேண்டும். புஷ் மாற்றுவதற்கும் துளை கடைவதற்கும் செலவில் பல மடங்கு வித்தியாசம். ஹைட்ராலிக் ஆயிலில் தூசியும் தண்ணீரும் சேராமல் பார்த்துக்கொள்வது அடுத்தது. பின்கையில் பிரேக்கர் மாட்டிப் பாறை உடைப்பது எப்போதாவது என்றால் பரவாயில்லை. தினமும் அதுவே வேலை என்றால் அதிர்ச்சி முழுக்கக் கைக்கும் கிங் போஸ்ட்டுக்கும் (பின்கை இடம் வலமாகத் திரும்பும் இணைப்பு) போகும், ஆயிலும் சூடேறும். அதற்கு எக்ஸ்கவேட்டர்தான் பொருத்தம். சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் முன் டயர் சீக்கிரம் தேயும். புது ஆபரேட்டருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டீசல், வேலையைப் பொறுத்து மணிக்கு 4 முதல் 8 லிட்டர்வரை போகும். புகைக் கட்டுப்பாடு வந்தபின் வந்த புது வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010-களின் நடுவில் வந்த விதிகள், 56 கிலோவாட்டுக்கு மேற்பட்ட என்ஜின்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு அளவைக் கடுமையாகக் குறைத்தன. அந்த என்ஜின்களில் பெரும்பாலும் யூரியா திரவம் ஊற்றும் அமைப்பு வந்தது அதனால்தான். 55 கிலோவாட் என்ஜின் போட்ட பேக்ஹோக்கள் சந்தையில் இருப்பதற்கும் இதுவே காரணம். உங்கள் வேலைக்கு அந்தச் சக்தி போதுமென்றால் சிக்கல் ஒன்று குறைகிறது. புகை வடிகட்டி உள்ள வண்டியை மணிக்கணக்கில் சும்மா ஐடிலில் ஓட விடாதீர்கள். சூடு போதாமல் கரி சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மணி மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். நன்றாகக் கவனித்த பேக்ஹோ 10,000 மணியைத் தாண்டியும் ஓடும், கவனிக்காதது 4,000-லேயே ஆட ஆரம்பித்துவிடும். வரும்முன் என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். குளிர்ந்த என்ஜின் எப்படி எடுக்கிறது, முதல் புகை என்ன நிறம் என்று பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடியபின் ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளிருந்து புகை அடித்துக்கொண்டு வருகிறதா என்பது தெரியும். அப்படி வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆட்டம். பின்கையை முழுக்க நீட்டி, வாளியின் பல் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி வைத்து, என்ஜினை நிறுத்திவிட்டு, வாளியைக் கையால் இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். கிங் போஸ்ட்டில் இருக்கும் சின்னத் தேய்மானம்கூட அந்த நீளத்தில் பெரிதாகத் தெரியும். இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல் தொளதொளவென்று போனால் விலையில் பெரிய தொகையைக் கழிக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். பிறகு என்ஜினை ஓட்டி, வாளியைத் தரையில் ஊன்றிப் பூமை (பின்கையின் முதல் பகுதி) மெல்ல மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்காமல் தள்ளி நின்று ஒவ்வொரு பின்னையும் பாருங்கள். ஆணி முதலில் அசைந்து கை பிறகு அசைகிறதா, இரண்டும் சேர்ந்து அசைகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். பின்னைச் சுற்றிப் புது கிரீஸ் வழிந்து கிடந்தால் ஆட்டத்தை மறைக்க நேற்று அடித்ததாகவும் இருக்கலாம், துடைத்துவிட்டுப் பாருங்கள். காய்ந்து செந்தூள் படிந்திருந்தால் அந்தப் பின் வெகுநாளாக கிரீஸைப் பார்த்ததே இல்லை.

ஹைட்ராலிக்கைப் பார்க்க, முன் வாளியாலும் பின் ஊன்றுகால்களாலும் வண்டியைத் தூக்கி, நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பியபின் என்ஜினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அதுவரை யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஒரு பக்கம் மெல்ல இறங்கினால் அந்தச் சிலிண்டரிலோ அதன் வால்விலோ கசிவு. சீல் மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் பேரத்தில் சொல்லலாம். கியர் பெட்டிதான் பெரிய செலவு. ஆயில் சூடானபின் முன்னும் பின்னுமாக மாற்றிப் பாருங்கள், லீவரைப் போட்டபின் தயங்கித் தயங்கி நகர்ந்தால் யோசிக்க வேண்டும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாடையோ மினுமினுப்போ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். முடிந்தால் என்ஜின், கியர், ஹைட்ராலிக் மூன்று ஆயிலிலும் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஆயிலில் கரைந்திருக்கும் இரும்பும் செம்பும் சொல்வதை விற்பவர் சொல்லமாட்டார். கடைசியாக பூமின் அடிப்பகுதி, டிப்பர் கையின் (பூமுக்கும் வாளிக்கும் நடுவில் உள்ள கை) அடிப்பக்கம், முன் கைகளை இணைக்கும் குறுக்குக் குழாய் ஆகிய இடங்களில் வெடிப்பும் வெல்டிங்கும் உண்டா என்று பாருங்கள். வண்டி முழுக்கப் பழைய பெயிண்டாக இருந்து அந்த இடங்கள் மட்டும் பளபளவென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மாதிரியில் மூன்று தேர்வுகள் வரும். நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். நிரப்பிய முன் வாளியோடு தளர்ந்த மண்ணில் மாட்டிக்கொள்ளும். பின்கை பக்கவாட்டில் நகர்கிற அமைப்பு இருந்தால் சுவரை ஒட்டித் தோண்டலாம், ஊன்றுகால்களும் வண்டியின் அகலத்துக்குள்ளேயே நேராக இறங்கும், அதனால் சாலையோர வேலைக்கு அது வசதி. நடுவில் நிலையாகப் பொருத்திய கையில் கால்கள் வெளிப்பக்கம் விரிந்து ஊன்றும், திறந்த வெளியில் நன்றாக நிற்கும். நீளும் கை, ஆழமான கழிவுநீர்க் குழாய் வேலை இருந்தால் மட்டும். இல்லையென்றால் தேய்வதற்கு இன்னொரு பாகம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஆழம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி நான்கு மீட்டர் தோண்டும் என்பதற்காக ஆளை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிடக்கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். ஓரத்தில் கொட்டிய மண்ணும் ஊன்றுகாலின் பாரமும் பள்ளத்தின் சுவரை உள்ளே தள்ளும். இடுப்பளவுக்கு மேல் ஆழம் போனாலே முட்டுக் கொடுக்க வேண்டுமா, சரிவாக வெட்ட வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும். சொந்த வண்டி வந்ததும் வேலை வேகமெடுக்கும், அந்த வேகத்தில்தான் இது விட்டுப்போகிறது. பின்கை சுற்றும் வட்டத்துக்குள்ளும், ஊன்றுகாலுக்கும் சுவருக்கும் நடுவிலும் யாரும் நிற்கக்கூடாது என்பதையும் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக வையுங்கள்.

இதுவரை சொன்னதில் வண்டியின் இயக்கம், தேய்மானம், கணக்குப் போடும் முறை ஆகியவற்றை உறுதியாகவே சொல்கிறேன். ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்பது அனுமானம்தான். பேக்ஹோ ஆபரேட்டர்களும் உதிரி பாகங்களும் தாராளமாகக் கிடைக்கிற இடங்களில் பழைய வண்டிக்கு ஆள் இருக்கும், அவை குறைந்த இடங்களில் இருக்காது. கேஸ் நிறுவனம் 2020-இல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் 580 இவி பேக்ஹோவை அறிமுகப்படுத்தியது. ஆனால் இன்று நீங்கள் வாங்கும் டீசல் வண்டியை நகர எல்லைக்குள் விடாத விதி நாளை வருமா என்று என்னால் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விலை வைக்க வேண்டும் என்றால், கணக்கில் மறுவிற்பனை விலையைக் கால்வாசி குறைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியானால் தைரியமாக வாங்கலாம்.

உங்கள் வேலைகளை நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், பழைய பேக்ஹோ ஒன்று பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கடந்த பன்னிரண்டு மாத வேலைகளைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்லமாட்டேன். பில்லையும் டைரியையும் எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் வண்டி எத்தனை நாள் நின்றது, அடுத்த இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், முன் வாளிக்கு வேலை இருந்ததா, வாடகையாக என்ன கொடுத்தீர்கள் என்று நான்கே கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் நின்ற வேலைகள் பாதிக்கு மேல் இருந்தால் எக்ஸ்கவேட்டரை வாடகைக்கு எடுப்பதைத் தொடருங்கள். அதற்குக் குறைவாக இருந்து, வருடத்தில் ஐந்து மாதத்துக்காவது வேலை தேறினால், வாங்க நினைக்கும் மாதிரியையே ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வேலைக்கு வைக்கப்போகிற ஆபரேட்டரையே ஓட்ட வையுங்கள். அந்த மாதத்தில் எத்தனை மணி ஓடியது, எத்தனை லிட்டர் போனது என்று குறித்துக்கொண்டு இங்கே எழுதினால், மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.